திரைக்கு அந்தப் பக்கம்

கார்த்திகை தீபத்தன்று அண்ணாமலையார் கோயில் கொடிமரத்தருகே நின்றவர்களுக்கு அந்தப் படபடப்பு தெரியும். அர்த்தநாரீஸ்வரர் சில நிமிடங்கள்தான் வெளியே வருவார். ஆடிக்கொண்டே வருவார். உடனே மலை உச்சியில் ஜோதி! அந்தச் சில நிமிடத்துக்காக வருஷம் முழுக்கக் காத்திருக்கிறோம். அதே படபடப்பை இதே மாவட்டத்துக் கிராமங்களில் ஒரு துண்டுத் துணி தருகிறது. இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அதுதான் தெருக்கூத்துத் திரை. எனக்கோ இந்தப் பக்கம் பாயில் உட்கார்ந்தால் இருப்புக்கொள்ளாது, அந்தப் பக்கம் ஓடிவிடுவேன்.

வாருங்கள், நீங்களும் எட்டிப் பாருங்கள்! கையகலக் கண்ணாடி ஒன்று. தேங்காய் எண்ணெயில் குழைத்த சிவப்பு. ஒப்பனைக்காரர் என்று தனியாக ஆள் கிடையாது. துரியோதனன் தன் முகத்தைத் தானே எழுதிக்கொள்கிறார். நெற்றியில், கன்னத்தில் வெள்ளைப் புள்ளி ஒவ்வொன்றாக விழுகிறது. நாம் மூச்சைப் பிடித்துக்கொள்கிறோம், அவர் பாட்டுக்குப் பக்கத்தில் இருப்பவரிடம் நெல் விலை பேசுகிறார்!

பிறகு கட்டைகள் வரும். கிரீடம், புஜக்கட்டை, மார்புக்கட்டை எல்லாம் கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கிக் கண்ணாடிச் சில்லு பதித்தவை. ஏன் கல்யாண முருங்கை? எடை குறைவு. விடிய விடிய கிறுகிறுவென்று சுற்றி ஆட வேண்டுமே! கட்டைகளை ஒருவர் இழுத்து இழுத்துக் கட்டும்போது கையைத் தூக்கிக்கொண்டு சும்மா நிற்கிற ராஜாவைப் பார்க்க வேண்டும். பூ வைக்கக் காத்திருக்கும் குழந்தை மாதிரி இருப்பார்.

இந்தக் கலைக்குப் பேர்போன ஊர் செய்யாறு பக்கத்துப் புரிசை. தலைமுறை தலைமுறையாகத் தம்பிரான் குடும்பம் அங்கே கூத்தாடுகிறது. நடேசத் தம்பிரானின் கூத்தைப் பார்த்துக் கிறங்கிப்போன ந. முத்துசாமி 1977இல் சென்னையில் கூத்துப்பட்டறையைத் தொடங்கினார். கண்ணப்பத் தம்பிரான் நகரத்து நடிகர்களுக்குக் கூத்தைக் கற்றுக்கொடுத்தார். அவர் மகன் புரிசை கண்ணப்ப சம்பந்தனுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவித்தபோது, சொந்த மாமாவுக்குக் கிடைத்ததுபோல் துள்ளிக் குதித்தேன்.

அவர் போன தூரம் கொஞ்சமா? மார்க்கேஸின் சிறகு முளைத்த கிழவன் கதையைப் புரிசைக்காரர்கள் கூத்தாக்கினார்கள். பிரெக்டின் 'வெள்ளை வட்டம்' நாடகமும் கூத்துக் களரிக்கு வந்தது. பாரிஸில் அரியான் மினுஷ்கினின் நாடகக் குழு 2016இல் 'இந்தியாவில் ஓர் அறை' என்ற நாடகத்தைப் போட்டது. அதன் நடிகர்களுக்குக் கூத்து அடவும் பாட்டும் சொல்லிக்கொடுத்தவர் சம்பந்தன். பிரெஞ்சு மேடையில் பாஞ்சாலி தமிழில் பாடினாள்! அடுத்த வருஷம் அந்த நாடகம் நியூயார்க் போனது. செய்யாறு வெயிலில் காலைச் சுட்டுக்கொண்டு பழகிய அடவு எங்கெல்லாம் போய்விட்டது, பாருங்கள்.

சரி, நேரமாகிவிட்டது. மத்தளம் களரி கட்டுகிறது, முகவீணை கூவுகிறது. கட்டியங்காரன் வெளியே ஓடிப்போய் முதல் சிரிப்பை அள்ளுகிறான். அவன் இல்லாமல் ராஜா வரவே முடியாது. யார் வருகிறார், எந்த நாட்டுக்கு அரசர் என்று கேட்டுச் சொல்ல வேண்டியவன் அவன்தானே! திரையைத் தூக்கிப் பிடிக்கிறார்கள். நான் ராஜாவின் முதுகுப் பக்கம் நிற்கிறேன். எத்தனையோ முறை கட்டி இறக்கிய வேஷம்தான், இருந்தும் கைவிரல் லேசாக நடுங்குகிறது. குனிந்து தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார். திரைக்குள்ளிருந்தே குரலெடுத்துப் பாடுகிறார். வெளியே உட்கார்ந்திருப்பவர்களுக்குச் சலங்கைக் கால் மட்டும் தெரியும், அப்புறம் கிரீடத்தின் நுனி. பிள்ளைகள் எழுந்து நின்றுவிடுகிறார்கள். கட்டியங்காரன் கேட்கிறான், ராஜா பதில் சொல்கிறார், மறுபடியும் கேட்கிறான். போதும், திரையை எடுங்கப்பா!

எடுத்தார்கள். கண்ணாடிச் சில்லு அத்தனையும் விளக்கில் ஒரே நேரத்தில் பற்றிக்கொண்டது.

விடியற்காலை அதே தேங்காய் எண்ணெயால் முகத்தைத் துடைக்கிறார். துண்டெல்லாம் சிவப்பு. காதோரச் சிவப்பு மட்டும் முழுசாகப் போவதில்லை. அதோடுதான் முதல் பஸ் ஏறுகிறார் துரியோதனன்.