எந்த ஓட்டையை முதலில் அடைப்பது?

மதுரைக்கு வடக்கே சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது அழகர்கோவில். அங்கே போயிருந்தால் பதினெட்டாம்படிக் கருப்பசாமியை நீங்கள் வணங்கியிருப்பீர்கள். அந்தச் சந்நிதியில் சிலை கிடையாது. சந்தனம் பூசிய, மூடிய பெருங்கதவுதான் தெய்வம். கோயிலுக்குள் போகிறவர்கள் வேறு வாசல் வழியாகத்தான் போகவேண்டும். சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் மதுரைக்குப் புறப்படும்போது, அவர் அணிந்து செல்லும் நகைகளின் பட்டியலை இக்கதவின் முன்னே படிப்பார்கள் என்றும், திரும்பி வந்ததும் அதைச் சரிபார்ப்பார்கள் என்றும் சொல்வதுண்டு. என்னென்ன இருந்தன என்று தெரிந்தால்தானே எது போயிற்று என்று சொல்ல முடியும்? கணிப்பொறிகளைக் காப்பதிலும் முதல் வேலை பட்டியல்தான்.

ஆனால் கணிப்பொறிக்கு இன்னொரு பட்டியலும் வேண்டும். அது ஓட்டைகளின் பட்டியல். புரோகிராம்களை எழுதுகிறவர்கள் மனிதர்கள். ஆகவே பிழைகள் இருக்கும். அவற்றில் சில, அயலான் உள்ளே நுழைய இடம் கொடுப்பவை. அப்படிக் கண்டுபிடிக்கப்பட்டு வெளியிடப்படும் ஒவ்வொரு ஓட்டைக்கும் 1999-ஆம் ஆண்டு முதல் சி.வி.இ. என்னும் வரிசை எண் தரப்படுகிறது. 2024-ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 40,000 எண்கள் தரப்பட்டன. நாளொன்றுக்கு 100-க்கும் மேல்! எந்த அலுவலகத்திலும் இத்தனையையும் படித்துப் பார்க்க ஆள் கிடையாது.

அதனால் இந்த வேலையைக் கருவிகளிடம் விட்டிருக்கிறோம். நெஸ்ஸஸ், ஓப்பன்வாஸ் போன்ற ஸ்கேனர்களும் புரோகிராம்கள்தாம். ஒரு கணிப்பொறிக்கு போர்ட் எனப்படும் வாசல்கள் 65,536 உண்டு. ஸ்கேனர் இவற்றைத் தட்டிப் பார்க்கும். உள்ளிருந்து பதில் வந்தால், பேசுவது எந்தப் புரோகிராம், அதன் எத்தனையாவது பதிப்பு என்று கேட்டறியும். பின்னர் அதைத் தன்னிடமுள்ள ஓட்டைப் பட்டியலோடு ஒப்பிடும். இதில் தவறும் நேரும். சில நிறுவனங்கள் பதிப்பு எண்ணை மாற்றாமலே பிழையைத் திருத்திவிடும்; ஸ்கேனரோ பழைய எண்ணைப் பார்த்து ஓட்டை இருப்பதாகவே சொல்லும். சோதனை நேரத்தில் அணைத்து வைத்திருந்த கணிப்பொறியோ அதன் கண்ணில் படவே படாது. (ஆர்வமுள்ள மாணவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: உரிமையாளரின் அனுமதியின்றிப் பிறர் கணிப்பொறியில் இதைச் செய்து பார்க்காதீர்கள். 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் உங்கள் மேல் பாயக்கூடும்.)

ஸ்கேனர் தரும் அறிக்கையில் ஒவ்வோர் ஓட்டைக்கும் 0 முதல் 10 வரை ஒரு மதிப்பெண் இருக்கும். இம்முறைக்கு சி.வி.எஸ்.எஸ். என்று பெயர். தொலைவில் இருந்தே தாக்க முடியுமா, முன் அனுமதி தேவையா, நுழைந்தவன் எதையெல்லாம் திருடலாம், மாற்றலாம், நிறுத்தலாம் என்பவற்றைக் கணக்கிட்டு இந்த எண் வருகிறது. 9-க்கு மேல் என்றால் மிகக் கடுமை.

அப்படியானால் 10-இல் தொடங்கி வரிசையாக அடைத்துக்கொண்டே வந்தால் போதுமே என்று தோன்றும். ஹார்ட்பிளீட் கதையைக் கேளுங்கள். 2014 ஏப்ரலில் வெளியான இந்த ஓட்டை, இன்டர்நெட்டில் இரகசியமாகப் பேசிக்கொள்ள உதவும் ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்னும் புரோகிராமில் இருந்தது. ஒவ்வொரு முறை கேட்கும்போதும் கணிப்பொறியின் நினைவகத்திலிருந்து 64 கிலோபைட் வரை அள்ளித் தந்துவிடும். அதில் பாஸ்வேர்டும் இருக்கலாம், இரகசியச் சாவியும் இருக்கலாம். உலகமே பதறிய இந்த ஓட்டைக்கு அன்றைய முறைப்படி கிடைத்த மதிப்பெண் வெறும் 5.0. அது எதையும் மாற்றவில்லை, நிறுத்தவில்லை, நினைவகத்தில் ஒரு பகுதியை மட்டும் கசியவிட்டது. சூத்திரத்தின்படி அவ்வளவுதான்!

சி.வி.எஸ்.எஸ். அடிப்படை மதிப்பெண் ஓட்டையின் இயல்பைச் சொல்கிறதே தவிர, அந்த ஓட்டை யார் வீட்டில் இருக்கிறது என்று சொல்வதில்லை. அதை யாராவது பயன்படுத்துகிறார்களா என்றும் சொல்வதில்லை. இரண்டாவது குறையைத் தீர்க்க இ.பி.எஸ்.எஸ். என்று ஒரு கணிப்பு வந்துள்ளது. அடுத்த 30 நாட்களில் ஓர் ஓட்டை தாக்குதலுக்குப் பயன்பட எவ்வளவு வாய்ப்பு என்பதை 0-க்கும் 1-க்கும் இடைப்பட்ட எண்ணாக அது தருகிறது.

ஒரு கல்லூரியைக் கற்பனை செய்துகொள்வோம். பூட்டிய சோதனைச்சாலையில், எந்த வலைப்பின்னலோடும் சேராத பழைய கணிப்பொறி ஒன்று. அதிலுள்ள ஓட்டைக்கு மதிப்பெண் 9.8. தாக்கப்படும் வாய்ப்பு 0.02, இழப்பு 2 என்க. பெருக்கினால் 0.04. தேர்வு மதிப்பெண்களை வைத்திருக்கும் கணிப்பொறி இன்டர்நெட்டோடு சேர்ந்திருக்கிறது. அதன் ஓட்டைக்கு 6.5தான், ஆனால் வாய்ப்பு 0.5, இழப்பு 9. பெருக்கினால் 4.5. நூறு மடங்குக்கும் மேல்! அலுவலக மேசையில் கடிதம் அடிக்கும் கணிப்பொறிக்கு வாய்ப்பு 0.6, இழப்பு 1 என்றால் 0.6. (இழப்புக்கு நான் அலகு எழுதவில்லை. என் மாணவர்கள் விடைத்தாளில் இப்படிச் செய்தால் மதிப்பெண்ணைக் குறைப்பேன். இங்கே வரிசைப்படுத்த மட்டுமே இந்த எண்கள்.)

வாய்ப்பைக் கருவி கணித்துத் தரும். இழப்பு என்னும் எண்ணை மனிதர்கள்தாம் போடவேண்டும். சங்கடமும் அங்கேதான் இருக்கிறது. நம் மாநிலத்திலேயே நடந்ததைப் பாருங்கள்.

2019 அக்டோபர் 28-ஆம் நாள், டிடிராக் என்னும் வேவு புரோகிராமின் மாதிரி ஒன்றில் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் பெயர்ச்சுருக்கம் இருப்பது வெளியாயிற்று. மறுநாள் நிலையத்தின் தரப்பில் மறுப்பு வந்தது. 30-ஆம் நாள் இந்திய அணுமின் கழகம், தன் கணிப்பொறி ஒன்றில் அது புகுந்தது உண்மையே என்று ஒப்புக்கொண்டது. இந்தியக் கணிப்பொறி அவசர நடவடிக்கைக் குழுவான செர்ட்-இன் இதைக் கண்டு தெரிவித்தது செப்டம்பர் 4-ஆம் நாளிலேயே. புகுந்த இடம் நிர்வாக வேலைக்கான, இன்டர்நெட்டோடு சேர்ந்த வலைப்பின்னல். அணு உலையை இயக்கும் அமைப்புகள் அதனின்று தனியே பிரிக்கப்பட்டவை. அவை பாதிக்கப்படவில்லை என்று கழகம் கூறியது.

பெருங்கதவு மூடியே இருந்தது. வந்தவன் மற்ற வாசலில் வந்தான். உலை நிற்கவில்லை என்பது பெரிய ஆறுதல். ஆனால் டிடிராக்கின் வேலை உலையை நிறுத்துவதன்று. தட்டச்சு செய்யும் ஒவ்வோர் எழுத்தையும், பார்த்த வலைப்பக்கங்களையும், வட்டிலுள்ள கோப்புகளின் பெயர்களையும், வலைப்பின்னலின் விவரங்களையும் திரட்டுவதே அதன் தொழில். இவை கையில் இருப்பவனுக்கு அடுத்த தாக்குதலின் வரைபடம் பாதி தயார். பிரித்து வைத்தால் போதும் என்பதும் முழு உண்மையன்று. 2010-இல் கண்டறியப்பட்ட ஸ்டக்ஸ்நெட், ஈரானின் நடான்ஸ் நிலையத்தில் இன்டர்நெட்டோடு சேராத கணிப்பொறிகளையும் எட்டியது. யு.எஸ்.பி. நினைவகக் குச்சிகள் வழியாகப் பரவக்கூடியது அது.

இப்போது நம் கல்லூரி அலுவலகத்துக்கு வாருங்கள். கடிதம் அடிக்கும் கணிப்பொறிக்கு இழப்பு 1 என்று போட்டோம். தேர்வு அறையின் பாஸ்வேர்டையும் அதே மேசையில் இருந்துதான் தட்டச்சு செய்கிறார்கள் என்று தெரியவந்தால்? இழப்பை 8 என்று திருத்துங்கள். 0.6-ஐ 8-ஆல் பெருக்கினால் 4.8. கடைசிக்குச் சற்று மேலே கிடந்த அது, மதிப்பெண் கணிப்பொறியையும் தாண்டி முதலிடத்துக்கு வந்துவிடுகிறது.