ஒன்றரை நாள் ரயில் பயணம்: பயமில்லாமல் போய் வர



நமது கூட்டமைப்பில் பட்டறிவுப் பயணம் என்று அறிவிப்பு வந்ததும் குழுக்களில் ஒரே பேச்சுதான். "நீங்க போயிட்டு வாங்க அக்கா, எனக்கு ஒத்துக்காது" என்பார்கள் பலர். காரணம் கேட்டால் பிள்ளை, மாடு, வீட்டுக்காரர் என்று ஒவ்வொன்றாக வரும். கொஞ்ச நேரம் கூட உட்கார்ந்து பேசினால் உண்மைக் காரணம் மெதுவாக வெளியே வரும்: "ரெண்டு நாளு ரயில்ல எப்படி இருக்கது? ஒண்ணுக்கு வந்தா என்ன செய்ய?"

இது சிரித்துவிட்டுப் போகிற விஷயம் இல்லை. ஒவ்வொரு தடவையும் போன நாலு பேரே திரும்பப் போகிறார்கள். போய் வந்தவர்கள் நாலு விஷயம் தெரிந்து வருகிறார்கள், கூட்டத்தில் பேசுகிறார்கள், பொறுப்புக்கும் வருகிறார்கள். போகாதவர்கள் பத்து வருடம் ஆனாலும் பாயின் ஓரத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு ரயில் பயத்தால் இப்படி ஆகலாமா? தெரியாத வரைக்கும்தான் பயம். அதனால் நீண்ட பயணத்தில் என்னென்ன நடக்கும் என்று இந்த இதழில் விளக்கமாகச் சொல்கிறோம்.

எந்த வழி?

சுயதொழில் செய்யும் பெண்களின் சங்கமான 'சேவா' இருப்பது குஜராத்தின் அகமதாபாத் நகரில். இலா பட் அம்மையார் 1972-ல் தொடங்கியது. 1974-ல் சுமார் 4,000 பெண்கள் ஆளுக்கு 10 ரூபாய் பங்குப் பணம் போட்டுச் சொந்தமாக வங்கியே ஆரம்பித்தார்கள். நம்மைப் போன்ற குழுக்கள் பார்க்க வேண்டிய இடம் அது.

திருநெல்வேலியிலிருந்து ஜாம்நகருக்கும் காந்திதாமுக்கும் போகும் வண்டிகள் அகமதாபாத் வழியாகத்தான் போகின்றன. தூரம் 2,000 கிலோமீட்டருக்கு மேல். நேரம் ஒன்றரை நாள் போல ஆகும். தமிழ்நாட்டில் ஏறி, கேரளா, கர்நாடகா, கோவா, மகாராஷ்டிரா தாண்டி குஜராத்தில் இறங்குகிறோம். நடுவில் மங்களூருக்கு வடக்கே தொடங்கி மகாராஷ்டிராவில் ரோஹா வரைக்கும் சுமார் 740 கிலோமீட்டர் தூரம் இருப்பதுதான் கொங்கண் ரயில் பாதை. நாட்டிலேயே அழகான பாதைகளில் ஒன்று என்று பெயர் வாங்கியது.

டிக்கெட்டும் படுக்கையும்

இப்போது 60 நாளுக்கு முன்பே முன்பதிவு செய்யலாம். ஒரு படிவத்தில் ஆறு பேருக்குத்தான் எழுத முடியும். 18 பேர் போனால் மூன்று படிவம் ஆகும். மூன்று டிக்கெட்டும் வேறு வேறு பெட்டியில் விழலாம். அதனால் ஒவ்வொரு ஆறு பேரிலும் ஏற்கெனவே பயணம் போன ஒருவரைச் சேர்த்துவிடுங்கள். தொலைதூர வண்டிகளின் படுக்கைப் பெட்டியில் பெண்களுக்கு என்று ஆறு படுக்கை ஒதுக்கீடு உண்டு. பெண்கள் மட்டும் போகும்போது கவுண்டரில் கேட்டுப் பாருங்கள். எல்லோரும் அசல் அடையாள அட்டை வைத்திருங்கள். இடம் உறுதியாகாத டிக்கெட்டை வைத்துக்கொண்டு படுக்கைப் பெட்டியில் ஏறக் கூடாது.

டிக்கெட்டில் உள்ள எண்ணைப் பார்த்தே உங்கள் படுக்கை எது என்று கண்டுபிடிக்கலாம். சாதாரண படுக்கைப் பெட்டியில் எட்டு எட்டாகத்தான் படுக்கை இருக்கும். உங்கள் எண்ணை எட்டால் வகுங்கள். மீதி 1 அல்லது 4 என்றால் கீழ்ப் படுக்கை. 2 அல்லது 5 என்றால் நடுப் படுக்கை. 3 அல்லது 6 என்றால் மேல் படுக்கை. 7 என்றால் பக்கவாட்டில் கீழே. மீதி இல்லாமல் வகுபட்டால் பக்கவாட்டில் மேலே. உதாரணமாக, 33 என்றால் மீதி 1, அதாவது கீழ்ப் படுக்கை. குழுக் கணக்கு எழுதுகிற நமக்கு இது ஒரு பெரிய கணக்கா?

நடுப் படுக்கையை இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரைக்கும்தான் விரிக்கலாம். மற்ற நேரத்தில் மடக்கி வைத்துவிட்டு எல்லோரும் கீழே உட்கார வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கீழ்ப் படுக்கையை விட்டுக் கொடுங்கள். சாதாரண படுக்கைப் பெட்டிக்குப் போர்வையும் ஒரு சின்னத் தலையணையும் கையோடு கொண்டு வாருங்கள். விடியற்காலையில் குளிர் காற்று அடிக்கும்.

முக்கியமான விஷயம்: தண்ணீர் குடியுங்கள்

கழிப்பறைக்குப் போக வேண்டி வருமே என்று பயந்து, முதல் நாள் சாயந்திரமே தண்ணீர் குடிப்பதை நிறுத்துகிற பெண்கள் நம்மிடையே நிறையப் பேர். கேட்டால் "இது பழக்கம்தான்" என்பார்கள். இதனால் தலைவலி, மயக்கம், மலச்சிக்கல் எல்லாம் வரும். சிறுநீரை அடக்கி அடக்கி வைத்தால் நீர்க்கடுப்பும் கிருமித் தொற்றும் வரும். ஊர் சுற்றிப் பார்க்கப் போய்விட்டு அங்கே ஆஸ்பத்திரியில் படுப்பதில் என்ன லாபம்?

ஒவ்வொரு பெட்டியிலும் இரண்டு கோடியிலும் கழிப்பறை உண்டு. கதவைத் தாழ் போடலாம், உள்ளே பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கும். வண்டி ஆடும், அதனால் ஒரு கையால் பிடித்துக்கொள்ளுங்கள். முதல் நாள் ஓரளவு சுத்தமாக இருக்கும், இரண்டாம் நாள் அப்படி இருக்காது. தண்ணீரும் சில நேரம் தீர்ந்து போகும். ஒரு காலி பாட்டிலில் தண்ணீர் பிடித்து, சோப்புத் துண்டோடு ஒரு பையில் தனியாக வைத்துக்கொண்டால் கவலை இல்லை. விடியற்காலையில் கூட்டம் சேர்வதற்கு முன்னால் எழுந்து போய்விடுவது நல்லது. இரவில் தனியாகப் போகாமல் பக்கத்தில் படுத்திருக்கிறவரை எழுப்புங்கள். எழுப்புவதற்குக் கூச்சப்பட வேண்டாம், நாளைக்கு அவர் உங்களை எழுப்புவார்.

இப்போது ரயில்களில் இருப்பது உயிரி கழிப்பறை. பெட்டிக்கு அடியில் உள்ள தொட்டியில் நுண்ணுயிரிகள் கழிவை மக்கச் செய்கின்றன. அதில் நாப்கின், துணி, பிளாஸ்டிக் எது போட்டாலும் அடைத்துக்கொள்ளும். பிறகு ஒன்றரை நாளும் அந்தப் பெட்டியில் எல்லோருக்கும் சிரமம். மாதவிலக்கு நாளாக இருந்தால் பழைய பேப்பர் கொஞ்சம் கொண்டு வாருங்கள். நாப்கினைச் சுற்றிக் குப்பைத் தொட்டியில் போடுங்கள். தேதி பக்கத்தில் வருகிறது என்பதற்காகப் பயணத்தையே விட்டுவிட வேண்டியதில்லை.

சாப்பாடு, மாத்திரை

முதல் நாளுக்குப் புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு தாங்கும். தேங்காய்ச் சட்னி வேண்டாம், சீக்கிரம் கெட்டுவிடும். இரண்டாம் நாளுக்கு அவல், பொரிகடலை, வாழைப்பழம். வழியில் கேரளாவில் பழம்பொரி வரும், மகாராஷ்டிராவில் வடா பாவ் வரும். வாங்கிச் சாப்பிட்டுப் பாருங்கள், அதுவும் பட்டறிவுதான். சூடாக இருப்பதை மட்டும் வாங்குங்கள். தண்ணீர் பாட்டிலுக்கு அதில் அச்சிட்ட விலையைக் கொடுத்தால் போதும். அறிமுகம் இல்லாதவர் திறந்து கொடுக்கும் டீ, பிஸ்கட் வேண்டாம்.

டீ போட்டுக்கலாமே என்று ஸ்டவ்வோ சின்ன கேஸ் சிலிண்டரோ கொண்டு வராதீர்கள். 2023 ஆகஸ்டில் மதுரையில் நின்றுகொண்டிருந்த ஒரு சுற்றுலா ரயில் பெட்டியில், விதியை மீறிக் கொண்டு வந்த கேஸ் சிலிண்டரால் தீப்பிடித்து ஒன்பது பேர் இறந்துபோனார்கள்.

சர்க்கரை, பிரஷர் மாத்திரையைப் பெரிய பையில் அடியில் வைக்காமல் கைப்பையில் வையுங்கள். ரொம்ப நேரம் காலைத் தொங்கப் போட்டால் வீங்கும். மணிக்கு ஒரு தடவை எழுந்து நடங்கள். இறங்கின பிறகும் தரை ஆடுகிற மாதிரி இருக்கும். ஒரு நாளில் சரியாகிவிடும்.

ஜன்னலில் என்ன தெரியும்?

கொங்கண் என்றால் கடலை ஒட்டியே வண்டி போகும் என்று பலர் நினைத்து வருகிறார்கள். அப்படி இல்லை. பாதை பெரும்பாலும் கடலை விட்டு உள்ளேதான் போகிறது. வடக்கே போகும்போது இடது பக்கம் கடல் இருக்கும் திசை, வலது பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை. நாம் பார்ப்பது ஆறுகள் கடலில் சேரும் அகலமான முகத்துவாரங்கள், தென்னந்தோப்பு, நெல் வயல், முந்திரி, மா, செம்பாறையை வெட்டி எடுத்த உயரமான சுவர்கள். ஹொன்னாவர் அருகே சராவதி ஆற்றுப் பாலம் ஏறக்குறைய 2 கிலோமீட்டர் நீளம். ரத்னகிரி பக்கத்தில் பன்வல் ஆற்றுப் பாலம் 64 மீட்டர் உயரம், அதாவது 20 மாடிக் கட்டிடம் அளவு. கீழே பார்த்தால் தலை சுற்றும் என்பவர்கள் எதிரே உள்ள மலையைப் பாருங்கள்.

குகைகள் 90-க்கும் மேல். திடீரென்று இருட்டு, பெரிய இரைச்சல், உடனே வெளிச்சம், மறுபடி இருட்டு. குழந்தைகள் பயந்து அழும், முதலிலேயே சொல்லி வையுங்கள். ரத்னகிரி பக்கத்துக் கர்புடே குகை 6.5 கிலோமீட்டர். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால் ஆறரை நிமிடம் இருட்டுதான். அந்த நேரத்தில் கைப்பை மடியில் இருக்கட்டும். கை, தலை வெளியே நீட்டக் கூடாது. போட்டோ எடுக்க வாசல் படியில் நிற்கவே கூடாது.

குகைக்குள்ளும் மலை இடுக்கிலும் செல்போன் சிக்னல் கிடைக்காது. இதனால் வரும் வம்பு பெரிது. வீட்டுக்காரர் பத்துத் தடவை கூப்பிட்டு, கிடைக்காமல், "என்ன ஆச்சோ" என்று பதறி, அடுத்த தடவை அனுப்பவே மாட்டேன் என்று சொல்லிவிடுவார். "சில மணி நேரம் போன் கிடைக்காது, நானே கூப்பிடுவேன்" என்று புறப்படும் முன்பே சொல்லிவிட்டு வாருங்கள்.

1990-ல் வேலை தொடங்கி 1998-ல் இந்தப் பாதை முழுதாகத் திறக்கப்பட்டது. இ. ஸ்ரீதரன் என்ற பொறியாளர் தலைமையில் கட்டியது. மழைக்காலத்தில் இங்கே மண்ணும் பாறையும் சரியும். 2003-லும் 2004-லும் அப்படி விழுந்த பாறைகளால் பெரிய விபத்துகள் நடந்தன. அதனால் ஜூன் மாதம் தொடங்கி அக்டோபர் வரை மழைக்காலத்துக்குத் தனி நேர அட்டவணை வைத்து, வண்டிகளை மெதுவாக ஓட்டுகிறார்கள். பாதையைக் காவலர்கள் நடந்து கண்காணிக்கிறார்கள். அந்த நாட்களில் மலை முழுக்கப் பச்சையும் அருவியுமாக இருக்கும். வண்டி தாமதமானால் எரிச்சல்பட வேண்டாம், நம் உயிருக்காகத்தான் மெதுவாகப் போகிறது. ஒரு வேளைச் சாப்பாடு கூடுதலாகக் கையில் இருக்கட்டும்.

பாதுகாப்பு

நகையை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொண்டால் இரவில் நிம்மதியாகத் தூங்கலாம். பையைக் கீழ்ப் படுக்கைக்கு அடியில் உள்ள வளையத்தில் சங்கிலி போட்டுப் பூட்டுங்கள். இரவில் ஜன்னல் கதவை இறக்கிவிடுங்கள். குழந்தைக்குச் சேலையில் தூளி கட்டுகிறவர்கள் அபாயச் சங்கிலியில் கட்டிவிடாதீர்கள், வண்டி நின்றுவிடும், அபராதமும் வரும். சில நிலையங்களில் இரண்டு நிமிடம்தான் நிற்கும். தண்ணீர் பிடிக்க இறங்க வேண்டாம்.

யாராவது உங்கள் இடத்தில் உட்கார்ந்து எழ மறுத்தாலோ, தொந்தரவு கொடுத்தாலோ தனியாகச் சண்டை போடாமல் டிக்கெட் பரிசோதகரிடம் சொல்லுங்கள். எந்த உதவிக்கும், உடம்பு சரியில்லை என்றாலும், 139 என்ற எண்ணைக் கூப்பிடலாம். பெட்டி எண்ணும் படுக்கை எண்ணும் கேட்பார்கள். அதைத் தனியே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத உறுப்பினருக்கு மற்றவர் எழுதிக் கொடுங்கள்.

குழுக் கூட்டத்தில் செய்ய வேண்டியது

இந்தப் பக்கத்தை அடுத்த கூட்டத்தில் ஒருவர் சத்தமாக வாசியுங்கள். பிறகு "இதுவரை ஒரு பயணமும் போகாதவர்கள் யார்?" என்று கேளுங்கள். அவர்களில் ஒருவர் பெயரையாவது பட்டியலில் முதலில் எழுதித் தீர்மானம் போடுங்கள். அவர் வீட்டு மாட்டுக்கு யார் தண்ணீர் காட்டுவது, பிள்ளையை யார் பள்ளிக்கு அனுப்புவது என்பதையும் அதே கூட்டத்தில் பிரித்துக்கொள்ளுங்கள். கடன் திருப்புவதில் ஒருவருக்கொருவர் ஜாமீன் நிற்கிற நாம், ஐந்தாறு நாள் வீட்டைப் பார்த்துக்கொள்ள மாட்டோமா?

வீட்டில் தயங்கினால் சொல்லுங்கள், நாங்கள் நேரில் வந்து பேசுகிறோம். பட்டியலைத் தொகுப்புக் கூட்டத்துக்கு வரும்போது கொண்டு வாருங்கள். ஜன்னல் ஓர இடத்தை முதல் தடவை வருகிறவர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்பதையும் இப்போதே பேசி வைத்துவிடுங்கள்.