பிள்ளையின் அக்குளில் தடிப்பு வந்தால்

முகாம் நெரிசலில், ஈரம் காயாத உடுப்பால் பிள்ளைகளின் அக்குள் சிவந்து தடித்திருக்கலாம். இளஞ்சூட்டு நீரால் கழுவி, தேய்க்காமல் ஒற்றித் துடையுங்கள். தளர்வான பருத்திச் சட்டை அணிவியுங்கள். கண்டி மழையில் துணி எளிதில் காயாது. அரைகுறையாகக் காய்ந்ததை அணிவிக்க வேண்டாம். பவுடர், மஞ்சள், பிறருக்குக் கொடுத்த களிம்பு எதையும் பூசாதீர்கள்.

இரவில் அரிப்புக் கூடி, வீட்டில் மற்றவர்களும் சொறிகிறார்களா? அது சிரங்காக இருக்கலாம். பிள்ளைக்கு மட்டும் மருந்து போட்டால் மீண்டும் தொற்றும். வைத்தியர் தரும் மருந்தை வீட்டார் அனைவரும் ஒரே நாளில் பூசுங்கள். படுக்கைத் துணிகளைச் சுடுநீரில் கழுவி வெயிலில் உலர்த்துங்கள்.

சீழ், காய்ச்சல், பரவும் வீக்கம் இருந்தால் உடனே அருகிலுள்ள அரசாங்க வைத்தியசாலைக்கோ பேராதனை சிறுவர் வைத்தியசாலைக்கோ செல்லுங்கள். சிகிச்சை இலவசம். மண்சரிவில் கிளினிக் புத்தகம் தொலைந்திருந்தாலும் தயங்க வேண்டாம்.