எசாயாஸ் தெங்னேர்

எசாயாஸ் தெங்னேர் (நவம்பர் 13, 1782 – நவம்பர் 2, 1846) சுவீடன் நாட்டுக் கவிஞர், கிரேக்கமொழிப் பேராசிரியர், லூதரன் திருச்சபையின் ஆயர். பழைய நார்டிக் கதையொன்றைத் தழுவி இவர் எழுதிய "ஃபிரித்யோஃபின் சாகா" (1825) என்னும் காவியம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பா முழுவதும் பரவலாக வாசிக்கப்பட்டது.

இளமையும் கல்வியும்

தெங்னேர் மேற்கு சுவீடனின் வேர்ம்லாந்து மாகாணத்தில் ஒரு போதகரின் மகனாகப் பிறந்தார். குடும்பப் பெயர், தந்தையின் சொந்த ஊரான தெங்னபி என்னும் சிற்றூரிலிருந்து வந்தது. ஒன்பது வயதில் தந்தையை இழந்ததால் குடும்பம் வறுமையில் வாடியது. அரசு வரி அதிகாரியான யாக்கோப் பிராண்டிங் என்பவரிடம் சிறுவன் எழுத்தர் வேலைக்குச் சேர்ந்தான். அவனது அறிவுக்கூர்மையைக் கண்ட பிராண்டிங், அவன் படிக்க வழிசெய்தார். ரேமன் என்னும் ஊரின் இரும்பாலை உரிமையாளர் மீர்மன் வீட்டில் ஆசிரியராக இருந்த அண்ணனுடன் தங்கி, அங்கிருந்த நூல்களின் துணையோடு ஹோமரைக் கிரேக்க மொழியிலேயே படித்தார். பின்னர் 1806-இல் அந்த வீட்டின் மகள் அன்னாவையே மணந்தார்.

1799-இல் லுண்ட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து 1802-இல் முதுகலைப் பட்டம் பெற்றார். அங்கேயே விரிவுரையாளராகி, 1812-இல் கிரேக்கமொழிப் பேராசிரியரானார்.

கவிஞராக எழுச்சி

1808-இல் ஸ்கோனே மாகாணப் படையினருக்காக எழுதிய போர்ப்பாடல் இவரை நாடறியச் செய்தது. அடுத்த ஆண்டே சுவீடன், பல நூற்றாண்டுகளாகத் தன் பகுதியாக இருந்த பின்லாந்தை உருசியாவிடம் இழந்தது. அந்தத் துயரத்தின் பின்னணியில் பிறந்த "ஸ்வேயா" என்னும் கவிதை 1811-இல் சுவீடிய அகாதமியின் உயர்ந்த பரிசைப் பெற்றது. இழந்த பின்லாந்தைச் சுவீடனின் எல்லைக்குள்ளேயே உழைப்பால் மீட்டெடுக்க வேண்டும் என்ற அதன் கருத்து நாட்டு மக்களின் மனத்தில் ஆழப் பதிந்தது. 1819-இல் தெங்னேர் அகாதமியில் உறுப்பினராக அமர்ந்தார்.

அக்காலத்தில் உப்சாலா நகரின் இளங்கவிஞர்கள் ஜெர்மானியப் புனைவியலைப் பின்பற்றி மறைபொருள் நிறைந்த கவிதைகளை எழுதினர். கிரேக்க இலக்கியத்தில் ஊறிய தெங்னேர் இதை ஏற்கவில்லை. சொல்லில் தெளிவில்லை என்றால் சிந்தனையிலும் தெளிவில்லை என்பது இவரது நிலைப்பாடு. அதேவேளை, பழைய நார்டிக் மரபை மீட்க 1811-இல் தொடங்கப்பட்ட கோத்தியச் சங்கத்தில் இவர் உறுப்பினராக இருந்தார்.

ஃபிரித்யோஃபின் சாகா

இவ்விரு ஈடுபாடுகளும் இக்காவியத்தில் ஒன்றுகூடின. உழவர் குடியில் பிறந்த ஃபிரித்யோஃப், அரசன் மகள் இங்கெபோர்க்கைக் காதலிக்கிறான். அவளுடைய அண்ணன்மார் மறுக்கின்றனர். பகையின் உச்சத்தில் பால்டர் என்னும் தெய்வத்தின் கோயில் எரிகிறது. நாடு கடத்தப்பட்டு அலையும் ஃபிரித்யோஃப், இறுதியில் தன் கையாலேயே கோயிலை மீண்டும் எழுப்பிப் பகைவருடன் சமாதானம் அடைகிறான்.

காவியத்தின் 24 பாடல்களும் வெவ்வேறு யாப்பில் அமைந்தவை. அவற்றுள் ஒன்று ஹோமர் கையாண்ட அறுசீர் அடியில் இயன்றது. வைக்கிங் காலக் கதைக்குக் கிரேக்க வடிவ ஒழுங்கைத் தந்தது ஒரு கிரேக்கமொழிப் பேராசிரியரின் பயிற்சியே. ஜெர்மானியக் கவிஞர் கோதே இதைப் பாராட்டினார். ஆங்கிலத்திலும் ஜெர்மனிலும் பல மொழிபெயர்ப்புகள் வெளிவந்தன. இவரது மற்றொரு கவிதையான "நற்கருணைப் பிள்ளைகள்" (1820), அமெரிக்கக் கவிஞர் லாங்ஃபெலோவால் 1841-இல் ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டது.

ஆயர் பணி

1824-இல் வெக்ஷோ மறைமாவட்டத்தின் ஆயராக நியமிக்கப்பட்டார். காவியம் முழுமையாக வெளிவந்தபோது அதை எழுதியவர் பேராசிரியர் பதவியை விட்டிருந்தார். பள்ளிகளைப் பார்வையிடுவது, போதகர்களைக் கண்காணிப்பது, நாடாளுமன்றத்தில் குருமார் அவையில் பங்கேற்பது எனப் பணிகள் பெருகின, கவிதை குறைந்தது. இக்காலத்துப் பள்ளிச் சொற்பொழிவுகளும் கடிதங்களும் சிறந்த சுவீடிய உரைநடையாக மதிக்கப்படுகின்றன. நாட்டின் மக்கள்தொகை பெருகியதற்கு அமைதி, அம்மைத் தடுப்பூசி, உருளைக்கிழங்கு ஆகிய மூன்றுமே காரணம் என்று இவர் கூறியது இன்றும் சுவீடனில் நினைவுகூரப்படுகிறது.

1829-இல் லுண்ட் பேராலயத்தில் டேனியக் கவிஞர் ஓலன்ஷ்லேகருக்கு லாரல் மாலை சூட்டினார். நெடுங்காலம் போரிட்ட இரு நாடுகளுக்கிடையே பிரிவினையின் காலம் முடிந்தது என்று அப்போது அறிவித்தார். நார்டிக் நாடுகளின் ஒற்றுமை இயக்கத்தில் இந்நிகழ்வு ஒரு மைல்கல்லாகக் கருதப்படுகிறது.

இறுதிக்காலம்

1820-களின் நடுப்பகுதியிலிருந்தே மனச்சோர்வு இவரை வாட்டியது. "மனச்சோர்வு" என்ற தலைப்பிலேயே அமைந்த கவிதை, சுவீடிய மொழியின் மிகச் சிறந்த தன்னுணர்வுக் கவிதைகளுள் ஒன்று. 1840-இல் மனநோய் முற்றியதால் சிலேஸ்விக் நகர மருத்துவமனையில் சிகிச்சை பெற்று, மறு ஆண்டு திரும்பினார். அதன் பின்னரும் எழுதினார். 1846-இல் வெக்ஷோவில் காலமானார். 1853 முதல் இவரது சிலை லுண்ட் பல்கலைக்கழகத்தின் அருகே நிற்கிறது. இதே பெயர் கொண்ட இவரது பேரன் பிற்காலத்தில் லுண்டில் கீழைமொழிப் பேராசிரியராக விளங்கினார்.