கழிவுநீரிலிருந்து மின்சாரம்: குடியிருப்பாளர் அறியவேண்டியவை

மெல்பேர்ண் மாநகரின் கழிவுநீரில் ஏறத்தாழப் பாதி, வெரிபீயிலுள்ள மேற்குச் சுத்திகரிப்பு நிலையத்தைச் சென்றடைகிறது. அங்குள்ள மூடிய குளங்களில், ஒட்சிசன் இன்றி வாழும் நுண்ணுயிர்கள் கழிவைச் சிதைத்து, மெதேன் நிறைந்த உயிர்வாயுவை உருவாக்குகின்றன. அதிலிருந்து மின்சாரம் பெறப்படுகிறது.

ஒருவகை நுண்ணுயிர்கள் கழிவை அமிலங்களாக மாற்றுகின்றன. மற்றொருவகை அவ்வமிலங்களிலிருந்து மெதேனை உண்டாக்குகின்றன. பின்னவை மெதுவாகவே பெருகுபவை. குளிர் மிகுந்தாலோ, கழிவு அளவுமீறிச் சேர்ந்தாலோ, நச்சுப்பொருள் கலந்தாலோ அவையே முதலில் தளர்வடையும். அந்நிலையில் அமிலம் தேங்கி, 7-ஐ ஒட்டியிருக்கவேண்டிய பீஎச் பெறுமானம் இறங்கும். வாயு உற்பத்தியும் குன்றும்.

ஆகவே வண்ணப்பூச்சு, கரைப்பான், பூச்சிகொல்லி ஆகியவற்றைக் கழுவுதொட்டியிலோ கழிப்பறையிலோ ஊற்றலாகாது. வீட்டு இரசாயனக் கழிவுகளை ஏற்கும் சேகரிப்பு நிலையங்களில் அவற்றை ஒப்படைக்குமாறு குடியிருப்பாளர்கள் கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்.