கிளாஸ் ஏ: பத்து வாட் போதுமா?

“நூறு வாட் ஆம்ப்ளிஃபயர் இருக்க, பத்து வாட் கிளாஸ் ஏ-க்கு ஏன் இத்தனை விலை?” என்று நண்பர்கள் கேட்பதுண்டு.

சாதாரண ஆம்ப்ளிஃபயரில் ஒலி அலையின் மேல்பாதியை ஒரு டிரான்சிஸ்டரும் கீழ்பாதியை மற்றொன்றும் சுமக்கின்றன. கைமாறும் இடத்தில் சிறு பிசிறு தட்டலாம். மெல்லிய ஒலியில்தான் அது காதில் படும். கிளாஸ் ஏ-யில் டிரான்சிஸ்டர் முழு அலைக்கும் ஓய்வின்றி மின்சாரம் கடத்துகிறது. ஸ்டேஷனில் நிற்கும்போதும் ஓடிக்கொண்டிருக்கும் டீசல் என்ஜினைப் போல, பாட்டு இல்லாதபோதும் மின்சாரம் செலவாகி வெப்பமாகிறது.

1969-இல் ஜான் லின்ஸ்லி ஹுட் ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ இதழில் வெளியிட்ட 10 வாட் அமைப்பு, 8 ஓம் ஸ்பீக்கருக்கு 27 வோல்ட்டில் 1.2 ஆம்பியர் எடுக்கும். அதாவது சேனலுக்குச் சுமார் 32 வாட்; ஸ்டீரியோவுக்கு 65. தினம் மூன்று மணி நேரம் கேட்டால் மாதம் ஆறேழு யூனிட்.

சத்தம் போதுமா? ஒரு வாட்டில், ஒரு மீட்டர் தூரத்தில் 88 டெசிபல் தரும் ஸ்பீக்கர், 10 வாட்டில் 98 தரும். 100 வாட்டில் 108. வாட் பத்து மடங்கு, காதுக்கோ ஏறக்குறைய இரு மடங்கு சத்தமே. ஃபிளாட் வீட்டுக் கூடத்தில் வீணைக் கச்சேரி கேட்கப் பத்து வாட் தாராளம்.

எனவே வாட்டைப் பார்க்குமுன் ஸ்பீக்கரின் டெசிபலைப் பாருங்கள். வாங்கிய பின், அழகுக்காக அதன்மேல் பூவேலைத் துணி மட்டும் போர்த்திவிடாதீர்கள். சூடு வெளியேற வழி வேண்டும்!