‘டிக்’ சத்தம் கேட்டா சுவிட்ச் நல்லா இருக்குன்னு அர்த்தமா?

(ஒன்பதாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி)



கம்ப்யூட்டர் கீபோர்டில் இரண்டு வகை உண்டு. நாம் கடைகளில் அதிகம் பார்ப்பது ரப்பர் வகை. ஒரு கீயைப் பிடுங்கிப் பார்த்தால் அடியில் சின்ன ரப்பர் கிண்ணம் கவுத்து வச்ச மாதிரி இருக்கும். அதற்கும் அடியில் கோடு போட்ட பிளாஸ்டிக் தாள்கள். எல்லாக் கீயும் அந்த ஒரே தாளில்தான் வேலை செய்யும். தாள் போச்சுன்னா அதிலிருந்து பிரித்து எடுக்க ஒண்ணும் இல்லை.

இன்னொன்று மெக்கானிக்கல் வகை. இதில் ஒவ்வொரு கீக்கும் தனித்தனியா ஒரு சுவிட்ச். 104 கீ இருந்தா 104 சுவிட்ச். ஒண்ணு கெட்டால் மீதி 103 கெடாது. ஆனா நம்ம ஆளுங்க எண்டர் கீ ஒண்ணு போனதுக்கே முழு கீபோர்டையும் காயலான் கடையில் எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். எடைக்குப் போட்டால் உள்ளே இருக்கிற நல்ல சுவிட்சுக்கும் பிளாஸ்டிக் விலைதான்.

நம்ம பக்கத்தில் பழைய மெக்கானிக்கல் கீபோர்டுன்னா அது பெரும்பாலும் டி.வி.எஸ். கோல்டுதான். பேங்க் கவுண்டர், ஆபீஸ், ஜாப் டைப்பிங் கடை என்று எங்கே போனாலும் ‘டிக் டிக்’ என்று கேட்குமே, அதுதான். டி.வி.எஸ். என்பது மதுரையில் 1911-இல் டி.வி. சுந்தரம் அய்யங்கார் ஆரம்பித்த தொழில். பஸ் ஓட்டிய குடும்பத்துப் பெயர் கீபோர்டில் இருப்பது எனக்கு முதலில் ஆச்சரியமா இருந்தது! பழைய கோல்டு கீபோர்டுகளில் செர்ரி என்ற நிறுவனத்தின் எம்.எக்ஸ். நீல சுவிட்ச் இருக்கும். செர்ரி 1953-இல் அமெரிக்காவில் தொடங்கி, பிறகு ஜெர்மனிக்குப் போன நிறுவனம். எம்.எக்ஸ். வகை 1980-களில் வந்தது. பின்னால் வந்த கோல்டு கீபோர்டுகளில் வேறு நிறுவனங்களின் நீல சுவிட்சும் வருகிறது.

அதனால் பெட்டி மேல் இருக்கிற பேரை வச்சு முடிவு பண்ணக் கூடாது. கீயின் மூடியை ரெண்டு பக்கமும் பிடித்து நேராக மேலே இழுத்தால் கழன்று வரும். உள்ளே நடுவில் கூட்டல் குறி மாதிரி ஒரு தண்டு தெரியும். தண்டு நீலமா இருந்தால் சத்தம் போடுகிற வகை. பழுப்பு என்றால் பாதியில் லேசாத் தட்டும், சத்தம் கம்மி. கருப்பும் சிவப்பும் தடையில்லாமல் வழவழன்னு இறங்கும். ஆனா நிறம் மட்டும் போதாது. செர்ரியின் காப்புரிமை முடிந்த பிறகு பல நிறுவனங்கள் அதே அளவில், அதே நிறத்தில் செய்ய ஆரம்பித்துவிட்டன. தண்டுக்குப் பக்கத்தில், சுவிட்ச் மூடியின் மேலேயே பேர் பொறித்திருக்கும். டார்ச் அடிச்சு சாய்ச்சுப் பார்த்தால் படிக்கலாம்.

இப்போ தலைப்புக்கு வர்றேன். நீல சுவிட்சைத் திறந்தால் உள்ளே நீலத் தண்டு, அதன் மேல் சட்டை போட்ட மாதிரி ஒரு வெள்ளைத் துண்டு, ஒரு ஸ்பிரிங், இரண்டு உலோகத் தகடுகள். தண்டை அமுக்கும்போது வெள்ளைச் சட்டை ஒரு இடத்தில் தடைபட்டு நின்று, சட்டென்று கீழே விழுந்து அடிக்கும். ‘டிக்’ என்பது அந்தப் பிளாஸ்டிக் சத்தம்தான். மின்சாரத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை.

மின்சார வேலை உலோகத் தகடுகளுடையது. நாம் அமுக்கினால் தண்டு தகட்டைத் தள்ளி ஒட்ட வைக்குதுன்னுதானே நினைப்போம்? உண்மை தலைகீழ். சும்மா இருக்கும்போது தண்டின் கால்கள்தான் தகட்டைத் தள்ளிப் பிடித்துக்கொண்டிருக்கும். அமுக்கினதும் கால் இறங்கிவிடும், தகடு தன் வளையும் குணத்தால் தானே போய் அடுத்த தகட்டில் ஒட்டிக்கொள்ளும். தண்டு மொத்தம் 4 மி.மீ. இறங்கும். அதில் 2.2 மி.மீ. வந்ததுமே எழுத்து விழுந்துவிடும். அதுக்கு மேலே ஓங்கிக் குத்துவதெல்லாம் வீண் வேலை.

இதனால்தான் சில கீயில் ‘டிக்’ சத்தம் அருமையா வரும், எழுத்து வராது. சட்டை நல்லா இருக்கு, தகட்டில் அழுக்கு. ஒரு தடவை அமுக்கினால் ரெண்டு எழுத்து விழுவதும் பெரும்பாலும் தகட்டுக் கோளாறுதான். ஒழுங்காக ஒட்டாமல் துள்ளித் துள்ளி ஒட்டுகிறது. காதை நம்பாமல் மீட்டரை நம்பணும். மல்டிமீட்டரை ‘பீப்’ சத்தம் போடும் இடத்தில் வைத்து, சுவிட்சின் இரண்டு காலிலும் ஊசியைத் தொட வேண்டும். அமுக்கினால் மட்டும் பீப் வரணும். விட்டதும் உடனே நிற்கணும். மெதுவா அமுக்கும்போது பீப் விட்டு விட்டு வந்தால் அது நமக்கு வேண்டாம்.

எந்தக் கீபோர்டிலிருந்து எடுக்கலாம், எதில் மாட்டலாம் என்பதையும் பார்க்க வேண்டும். ஒரே ஒரு கீ மட்டும் வேலை செய்யவில்லை என்றால் பெரும்பாலும் சுவிட்ச் போயிருக்கும். ஒரே நேரத்தில் ஏழெட்டு கீ போச்சுன்னா சுவிட்ச் மேல் தப்பு இல்லை. 104 கீக்கும் தனி ஒயர் கிடையாது. கட்டம் போட்ட நோட்டு மாதிரி குறுக்கும் நெடுக்குமாக் கோடு போட்டுத்தான் இணைத்திருப்பார்கள். ஒரு கோடு அறுந்தால் அதில் இருக்கிற எல்லாக் கீயும் போய்விடும். அதைச் சரி பண்ண முடியலைன்னா அந்தக் கீபோர்டுதான் நமக்குச் சுரங்கம். உருண்டை பின் வைத்த பழைய கீபோர்டையும் ‘இப்போ இதை மாட்ட ஓட்டை இல்லை’ன்னு தூக்கிப் போடுகிறார்கள். அதையும் விடாதீங்க. முதலில் கன்வெர்ட்டர் போட்டுப் பாருங்க. அப்படியும் ஓடலைன்னா சுவிட்ச் எடுக்கலாம்.

வேறு கீபோர்டே இல்லையென்றாலும் வழி இருக்கு. மேலே வலது மூலையில் ஸ்க்ரோல் லாக் என்று ஒரு கீ உண்டு. அதை யாராவது தொட்டுப் பார்த்திருக்கீங்களா? அதன் சுவிட்ச் கிட்டத்தட்டப் புதுசு. அதை எண்டருக்கு மாற்றி, எண்டரில் இருந்ததை அங்கே வைத்துவிடலாம். தமிழ்99 முறையில் அடிப்பவர்களுக்கு அதிகம் உழைக்கும் கீகளில் ஒன்று எஃப். அதுதான் புள்ளி. ‘ஔ’ இருப்பது இசட் கீயில். ஔவையார் பாடம் வந்தால்தான் அதுக்கு வேலை!

கழற்றும் முறை: கீபோர்டு ஒயரை முதலில் கம்ப்யூட்டரிலிருந்து பிடுங்கிவிடணும். பின்பக்கம் ஒவ்வொரு சுவிட்சுக்கும் ஈயம் வைத்த இரண்டு புள்ளி இருக்கும். பழைய ஈயம் சீக்கிரம் உருகாது. அதன் மேலேயே கொஞ்சம் புது ஈயம் வைத்தால் இரண்டும் சேர்ந்து இளகும். உடனே சக்கரை வைத்து உறிஞ்ச வேண்டும். அயர்னை மூணு வினாடிக்கு மேல் ஒரே இடத்தில் வைத்தால் போர்டில் ஒட்டியிருக்கிற செம்பு வட்டம் உரிந்து வந்துவிடும். உறிஞ்சிய பிறகு காலை லேசா ஆட்டிப் பார்க்கணும். ஆடினால்தான் விடுபட்டது என்று அர்த்தம். ஆடாததை இழுத்தால் கால் ஒடியும். சுவிட்ச் இரும்புத் தகட்டில் மாட்டியிருந்தால் அதன் ஓரக் கொக்கிகளை உள்ளே அமுக்கிக்கொண்டு மேலே தூக்க வேண்டும். ஸ்பேஸ் பாருக்கு மட்டும் அவசரம் ஆகாது, அடியில் நீளமா ஒரு கம்பி மாட்டியிருக்கும்.

தகட்டில் அழுக்கு என்றால் ஐ.பி.ஏ. என்ற ஆல்கஹால் ரெண்டு சொட்டு விட்டு இருபது முப்பது தடவை அமுக்கி, காய விட்டு, மறுபடி மீட்டர் வைக்கலாம். தேங்காய் எண்ணெய் விடுகிற வைத்தியம் வேண்டவே வேண்டாம். தூசி இன்னும் நல்லா ஒட்டிக்கும்.

அயர்ன் வேலையைப் பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும்போது, ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் செய்ய வேண்டும். ஈயம் நச்சு. கையைச் சோப்பு போட்டுக் கழுவாமல் முறுக்கு எடுத்துத் தின்னக் கூடாது. மிச்சம் இருக்கிற போர்டையும் ஒயரையும் எரிக்கவே கூடாது. செம்புக்காக ஒயரை எரிக்கும்போது வருகிற புகை ரொம்பக் கெடுதல். மின்னணுக் கழிவுக்கென்று 2022-இல் வந்த விதிகள் 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கு. பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் அது போய்ச் சேரணும்.

இதையெல்லாம் எனக்குச் சொல்லிக் கொடுத்தது திருமங்கலத்தில் சர்வீஸ் கடையில் வேலை பார்க்கும் எங்க சித்தப்பா. சொல்லிக் கொடுத்ததோடு நாலு சுவிட்ச் என்னையே எடுக்கவும் விட்டார்.

நம்ம கம்ப்யூட்டர் ரூமில் பீரோவுக்குப் பின்னாடி மூணு கோல்டு கீபோர்டு நிற்க வச்சிருக்கு. ஒண்ணுல எண்டர் இல்லை. ஒண்ணுல எஃப் ரெண்டு ரெண்டா விழுது. மூணாவதில் டீ கொட்டி ஒரு கோடே போச்சு. கீபோர்டு இல்லாததால் ரெண்டு கம்ப்யூட்டர் துணி போர்த்திச் சும்மா இருக்கு, மத்ததில் ஒண்ணுக்கு அஞ்சு பேர் நிற்கிறோம். டீ கொட்டினதில் மீட்டர் வைத்துப் பார்த்து நல்லதா ரெண்டு சுவிட்ச் எடுத்தால் மற்ற ரெண்டும் ஓடும். வர்ற சனிக்கிழமை அயர்னும் மீட்டரும் எடுத்துக்கொண்டு வர சித்தப்பா சம்மதிச்சிருக்கார். ஹெச்.எம். டீச்சர் அனுமதி கொடுக்கும் வரைக்கும் அந்த மூணையும் எடைக்குப் போடாமல் வைத்திருக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.